நீண்ட தண்டும் சிறு குடையும்: பல்லடம் வாசகிக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

காளான் விதை கொடுத்தவர் பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், மற்ற வாசகர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும் என்பதற்காக உங்கள் கடிதத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடந்த கார்த்திகையில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஒருநாள் பயிற்சி பெற்று, சமையலறையை ஒட்டிய சிமெண்ட் ஷீட் அறையில் 20 படுக்கைகள், அதாவது வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பைகள், போட்டிருக்கிறீர்கள். மார்கழியில் சிப்பிக்காளான் நன்றாக வந்தது. பங்குனியில் குறைந்தது, சித்திரையில் போட்டவை மொத்தமும் வீணாயின. ஆனி பிறந்ததும் மறுபடி படுக்கை போட்டு, மேல்காற்று பைகளை உலர்த்திவிடும் என்று ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்துவிட்டீர்கள். இப்போது வரும் காளானுக்கு விரல் நீளத் தண்டும் ஐந்து ரூபாய்க் காசு அளவுக் குடையும்தான் இருக்கின்றன. நாலைந்து பைகளின் அடியில் பச்சைத் திட்டு தெரிகிறது, இரண்டு பைகளில் கறுத்து உருகும் குடைகள் முளைத்திருக்கின்றன. தினமும் காளான் பறிக்கும் உங்கள் மாமியாருக்குச் சில வாரங்களாக வறட்டு இருமலும், சாயங்காலமானால் காய்ச்சல் வருவது போன்ற உடம்பு வலியும் இருக்கின்றன. இதற்கு நடுவில், காலியாகக் கிடக்கும் பிராய்லர் கொட்டகையில் 300 படுக்கை போடலாம், விளைவதை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு விதை வியாபாரி சொல்ல, உங்கள் கணவர் கடனுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார்.

முதலில் மாமியாரைப் பற்றிப் பேச வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டில் யாருமே பொருட்படுத்தாத செய்தி போல அதைக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அறையின் மூலையில் உள்ள ஒட்டடையிலும் தரையிலும் கோலமாவு தூவியது போல வெள்ளைப் பொடி படிகிறது என்றும் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொடி காளானின் வித்துத்துகள். சிப்பிக்காளானின் குடை முதிர்ந்து, ஓரம் மேல்நோக்கி மடங்கத் தொடங்கியதும், அடிப்பக்க மடிப்புகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஓயாமல் காற்றில் உதிர்க்கும். திறந்த வெளியில் அவை கலைந்து போய்விடும். மூடிய அறையில் அவை நுரையீரலுக்குள் போகின்றன. சிலருடைய உடம்பு அவற்றை ஒவ்வாப் பொருளாகக் கொண்டு எதிர்க்கத் தொடங்கும். அப்போது அறைக்குள் போய்வந்த சில மணி நேரம் கழித்து வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், குளிர், காய்ச்சல், உடம்பு வலி ஆகியவை வரும். காளான் பண்ணைத் தொழிலாளர்களிடம் மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்திருக்கும் நோய் இது. துகள்களிலிருந்து விலகியிருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாதாரணச் சளி என்று நினைத்து, தினமும் அதே அறைக்குள் போய்வந்துகொண்டிருந்தால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழக்கூடும்.

ஆகவே இன்றிலிருந்து உங்கள் மாமியார் அந்த அறைக்குள் போகக் கூடாது. வீட்டு மருத்துவத்தோடு நிறுத்தாமல், திருப்பூரிலோ கோவையிலோ நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் அவரைக் காட்டுங்கள். காட்டும்போது, வீட்டுக்குள் காளான் வளர்க்கிறோம் என்ற விவரத்தை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள், காரணம் வீட்டிலேயே இருக்கும். இருமல் வேறு காரணத்தாலும் வந்திருக்கலாம், அதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொல்லும் வரை காத்திருந்து அறையை விட்டு விலக வேண்டியதில்லை. மற்றவர்களும் காலையில் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துக் கால் மணி நேரம் கழித்தே உள்ளே போக வேண்டும், அதுவும் மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும் என்-95 முகக்கவசத்துடன். முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வது இந்தத் துகளைத் தடுக்காது. தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

நீண்ட தண்டுக்கும் சிறு குடைக்கும் இந்த இருமலுக்கும் ஒரே காரணம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: சாக்கு வைத்து அடைத்த ஜன்னல். படுக்கைக்குள் இருக்கும் பூசண இழைகளும் உயிருள்ளவை. மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்துக்கு 400 பங்குக்குச் சற்று மேல் இருக்கும். 20 படுக்கைகள் உள்ள அடைத்த அறையில் அது ஆயிரத்தைத் தாண்டிப் பல மடங்காக ஏறிவிடும். அப்படிப்பட்ட காற்றில் காளான் தன் குடையை விரிப்பதில்லை. நல்ல காற்றைத் தேடுவது போலத் தண்டை மட்டும் நீட்டிக்கொண்டே போகும். வெளிச்சம் குறைந்தாலும் இதே விளைவுதான். குடை சிறிதாக இருப்பதைப் பார்த்து, இன்னும் ஒரு நாள் விட்டால் பெருக்கும் என்று நீங்கள் பறிக்காமல் விட்டிருப்பீர்கள். குடை பெருக்கவில்லை, முதிர்ந்துவிட்டது. முதிர்ந்த குடை துகளை உதிர்த்தது, துகள் போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே நின்றது. குடையின் ஓரம் இன்னும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே, அளவு எதுவானாலும், கொத்தாகத் திருகிப் பறித்துவிடுவதுதான் சரி. எடை சிறிது குறையலாம். காளான் இளசாக, சுவையாக இருக்கும், காற்றில் பொடியும் பறக்காது.

ஜன்னலைத் திறந்தால் பைகள் காய்ந்துவிடுகின்றன என்ற உங்கள் கவலையும் நியாயமானதுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து ஆவணி வரை அடிக்கும் மேல்காற்று பல்லடம், உடுமலைப் பக்கங்களில் எப்படி இருக்கும் என்பது அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். அந்தக் காற்று நேராகப் படுக்கையில் பட்டால், முந்தின நாள் முளைத்த மொட்டுகள் மறுநாளே மஞ்சளாகிச் சுருண்டுவிடும். காற்றை நேராக விடக் கூடாது, நனைத்து விட வேண்டும். மேற்கு ஜன்னலின் சாக்கை எடுத்துவிட்டு, நைலான் கொசுவலை அடியுங்கள். அதற்கு உள்பக்கம் ஒரு முழம் தள்ளிச் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு, அதைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நனையுங்கள். எதிர்ச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, வலை அடித்த ஒரு திறப்பு வேண்டும். காற்று ஈரச் சாக்கின் ஓரமாகத் தாழ்வாக நுழைந்து மேலே போய் வெளியேறும். தரையில் ஓர் அங்குலம் ஆற்றுமணல் பரப்பி நனைத்து வைத்தால் அறையின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிடுங்கள், தோராயமாகக் கணிக்க வேண்டியிருக்காது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அறைக்குள் நின்று செய்தித்தாள் படிக்க முடிய வேண்டும், வெயில் மட்டும் நேராக விழக் கூடாது. இதெல்லாம் பையைத் திறந்த பிறகு உள்ள அறைக்கு. வெண்பூசணம் ஓடும், அதாவது விதையிலிருந்து காளானின் வெள்ளை இழை வைக்கோலில் பரவும், முதல் 15, 20 நாட்களுக்கு இருட்டும் சிறு காற்றோட்டமும் போதும் என்பதால், அந்தப் பைகளை இதே அறையில் வைக்காமல் தனியாக வைப்பது நல்லது.

இனி வைக்கோல். பச்சைத் திட்டு பையின் அடியில்தான் வருகிறது, அங்கே மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று எழுதியிருப்பதால்தான் விதையின் மேல் எனக்குச் சந்தேகம் எழவில்லை. விதையிலேயே கெட்ட பூசணம் இருந்திருந்தால், பச்சை நிறம் விதைத் தானியத்தைச் சுற்றித்தான் முதலில் தெரியும், எல்லா அடுக்குகளிலும் புள்ளி புள்ளியாக இருக்கும். வைக்கோல் சரியாக வேகாமல் போயிருந்தால், முதல் வாரத்திலேயே பையின் பல இடங்களில் திட்டுத்திட்டாகக் கிளம்பும். உங்களுடைய பைகளில் அடியில் மட்டும் வருகிறது என்றால், வைக்கோலில் இருந்த மிகுதித் தண்ணீர் வடிந்து அடியில் தங்கி, அங்கே காற்றில்லாமல் வெண்பூசணம் நின்றுபோக, பச்சைப் பூசணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பைகளில் பெரும்பாலானவை 18 நாட்களில் முழுக்க வெளுத்துவிட்டன என்று நீங்களே சொல்கிறீர்கள். விதை உயிரோடு இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. விதை கொடுத்தவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

வேகவைத்த வைக்கோலில் ஈரம் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் கைப்பழக்கம் வேண்டிய இடம், எவ்வளவு படித்தாலும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் வரும். வைக்கோலை இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து வடித்து, சாக்கில் கட்டி, நெல் வேகவைக்கும் அண்டாவில் மூடிபோட்டு, ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். எடுத்ததும் சுத்தமான தார்ப்பாயில் நிழலில் பரப்பி, புரட்டிப் புரட்டி உலர்த்துங்கள். ஒரு பிடி வைக்கோலை அள்ளி, முஷ்டி வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிழியுங்கள். சொட்டு விழுந்தால் இன்னும் உலர வேண்டும். சொட்டு விழாமல், கையைத் திறந்தால் உள்ளங்கை மட்டும் ஈரமாகப் பளபளத்தால் அதுதான் பதம். ஏறக்குறைய 65 விழுக்காடு ஈரம். உள்ளங்கை காய்ந்தே இருந்தால் மிஞ்சி உலர்ந்துவிட்டது. காற்றுக் காலத்தில் மேலே பரப்பிய வைக்கோல் சீக்கிரம் காய்ந்துவிட, அடியில் உள்ளது நனைந்தே இருக்கும். மேலே தொட்டுப் பார்த்துப் பதம் என்று நினைத்து அப்படியே பையில் அடைத்திருப்பீர்கள் என்பது என் ஊகம். குவியலின் மேலும் நடுவும் அடியும் ஆக மூன்று இடத்தில் பிழிந்து பாருங்கள்.

வைக்கோல் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். உங்கள் ஊர் மானாவாரிப் பூமி. வைக்கோல் கோபிசெட்டிபாளையத்திலிருந்தோ தாராபுரத்து அமராவதிப் பாசனத்திலிருந்தோதான் வந்தாக வேண்டும். இப்போது வருவதெல்லாம் இயந்திரத்தில் அறுத்துச் சுருட்டிய உருளைக் கட்டுகள். வயலில் ஈரம் காயும் முன்பே சுருட்டிவிட்டால், கட்டு வெளியே பொன்னிறமாக இருந்தாலும் உள்ளே முடை நாற்றத்துடன் கறுத்திருக்கும். வாங்கும்போதே ஒரு கட்டைப் பிரித்து நடுவில் கைவிட்டு முகர்ந்து பாருங்கள். அந்த வருடத்து வைக்கோலாக, மழை படாததாக இருக்க வேண்டும். பஞ்சாலைக் கழிவு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். சிப்பிக்காளான் அதிலும் வளரும், விளைச்சலும் நன்றாகவே இருக்கும். ஆனால் பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஈரப்பதம் சரியாக அமைவது வைக்கோலைவிடக் கடினம். வைக்கோலில் கை பழகிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆவியில் வேகவைக்க விறகு செலவாகிறது, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பார்மலின் என்ற கிருமிநாசினியும் கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லியும் கலந்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைக்கும் முறை பெரிய பண்ணைகளில் உள்ளதுதான். ஆயினும் பார்மலின் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். சமையலறையை ஒட்டிய அறையில், இருமும் ஒருவர் உள்ள வீட்டில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறுவடை முடிந்த வைக்கோலை உங்கள் மாட்டுக்குப் போடலாமா என்ற கேள்விக்கும் இதனோடு தொடர்பு உண்டு: மருந்தில் ஊறிய வைக்கோலைக் கால்நடைக்குக் காட்டவே கூடாது. ஆவியில் வெந்த வைக்கோலாக இருந்து, வெள்ளையாகவே இருந்தால் சிறிதளவு தீவனத்தோடு கலந்து போடலாம். பச்சையோ கறுப்போ பட்ட பை எதுவானாலும் நேராக எருக்குழிக்குத்தான்.

கறுத்து உருகும் குடைகளைச் சமைத்தால் என்ன என்று உங்கள் மகன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே கூடாது. நீங்கள் விதைத்தது எதுவோ அதை மட்டுமே உண்ண வேண்டும். படுக்கையில் தானாக முளைத்த வேறு எந்தக் காளானையும், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், கொத்தோடு பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். அவை மைக்காளான் வகையைச் சேர்ந்தவை. வைக்கோலில் ஈரமும் அம்மோனியாவும் மிகுந்தால் வரும். வைக்கோலைத் தொழுவத்துப் பக்கமோ கோழி எருவுக்கு அருகிலோ அடுக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சித்திரையில் பைகள் வீணானதற்கு உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் போட்ட வெள்ளைச் சிப்பி 20 முதல் 28 டிகிரி வெப்பத்தில் நன்றாக வரும். வெண்பூசணம் ஓடும்போது பைக்குள் வெப்பம் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும் என்பதால், சித்திரை மதியத்தில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே உள்ள பை வெந்துபோவது உறுதி. ஷீட்டின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து நனைத்தால் கொஞ்சம் தணியும், ஆனால் கோடையில் சிப்பியோடு போராடுவதைவிடப் பால் காளானுக்கு மாறிவிடுவதே அறிவுடைமை. 30 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் நன்றாக விளையும் அந்த வகையை வணிக அளவில் வளர்க்கும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான் 1990-களில் வகுத்தது. அதற்குப் பையின் மேல் மண் போட வேண்டும், நாளும் கூடுதலாகும். தையில் போய் அதற்கான பயிற்சியைப் பெற்றுவிட்டால் பங்குனியில் தொடங்கலாம்.

இனி உங்கள் கணவரின் திட்டத்துக்கு வருகிறேன். அவர் பிராய்லர் ஒப்பந்தத்தில் பழகியவர் என்பதால் இதையும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிராய்லரில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கோழியை எடுத்துக்கொண்டு போகாவிட்டால் நட்டம் அவர்களுக்கும்தான். இங்கே விதைக்கும் பைக்கும் கொட்டகைக்கும் முதல் போடுவது நீங்கள். விதையை விற்றதோடு அந்த வியாபாரியின் லாபம் முடிந்துவிடுகிறது. காளானை வாங்காமல் விட்டால் அவருக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை. பறித்த சிப்பிக்காளான் வெளியில் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. துளையிட்ட பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாட்கள். வண்டி வராத ஒரு நாளில் அத்தனையும் உங்கள் கையில் அழுகும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. அங்கும் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்ற வாக்கை நம்பித்தான் எல்லோரும் போனார்கள். இந்த வியாபாரி அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. ஆனால் வாங்குபவர் ஒருவரை மட்டுமே நம்பிக் கடன் வாங்கும் நிலையில் உங்கள் குடும்பம் இல்லை என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது.

கோழிக் கொட்டகை வேறு, காளான் கொட்டகை வேறு என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கோழிக்கு நான்கு பக்கமும் காற்று வேண்டும் என்பதற்காகக் கம்பிவலை அடித்துக் கட்டியது அது; மேல்காற்றுக் காலத்தில் அங்கே ஈரம் நிற்கவே நிற்காது. தரையில் ஊறிய எருவின் அம்மோனியாவும் ஈக்களும் வேறு. ஆழமாகச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு மூலையைத் தடுத்து, நிழல்வலையும் ஈரச் சாக்கும் கட்டி 40 படுக்கை அளவில் சோதித்துப் பார்க்கலாம். வீட்டை விட்டுத் தள்ளி இருப்பது ஒன்றே அதன் பெரிய நன்மை. உங்கள் மாமியாரின் உடல்நிலையை நினைத்தால், சமையலறையை ஒட்டிய அறையைக் கைவிட்டு அந்த மூலைக்கு மாறிவிடுவதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். காய்ந்த வைக்கோல் ஒரு கிலோவுக்கு, மூன்று பறிப்பும் சேர்ந்து, 600 முதல் 800 கிராம் காளான் கிடைத்தால் கை தேறிவிட்டது என்று கொள்ளலாம். ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ என்று விளம்பரத்தில் போடுவதை வைத்துக் கடனுக்கு வட்டி கணக்குப் போட வேண்டாம். ஐப்பசியில் 40 படுக்கை போட்டு, ஒவ்வொரு பைக்கும் ஓர் எண் எழுதி, ஒவ்வொரு நாளும் பறித்த எடையை ஒரு நோட்டில் குறியுங்கள். பல்லடம் உழவர் சந்தையிலும் அக்கம்பக்கத்துக் கடைகளிலும் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, எத்தனை கிலோ நிற்காமல் விற்கிறது என்றும் எழுதி வையுங்கள். தை முடியும்போது அந்த நோட்டைப் பார்த்துக் கடனைப் பற்றி முடிவு செய்யலாம். வழியில் சந்தேகம் வந்தால் பொங்கலூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கெட்டுப்போன பை ஒன்றை மூடிக் கட்டி நேரில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். கடிதத்தில் நான் ஊகிக்க வேண்டியதை அவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வார்கள்.

இப்போது அறையில் இருக்கும் பைகளில் பச்சை பட்டவற்றை அங்கேயே பிரிக்காமல், வாயைக் கட்டி வெளியே எடுத்துப் போய், படுக்கை போடும் இடத்திலிருந்து தள்ளிக் குழிவெட்டி மூடிவிடுங்கள். நன்றாக இருக்கும் பைகளில் மீதமுள்ள பறிப்பை முகக்கவசத்துடன் முடித்து, அறையைக் காலி செய்து, சுவரையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவி, இரண்டு வாரமாவது திறந்து போட்டு வையுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் தவறாமல் எனக்கு எழுதுங்கள்.